மிதிக்கும் முன் கேட்க வேண்டியவை

1

ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், நான் ஒரு காலத்தில் வைத்தியக்காரி. படித்தது எட்டாம் வகுப்பு. மருந்து, ஊசி எதுவும் தெரியாது. என்னிடம் இருந்த தகுதி ஒன்றே ஒன்றுதான்: நான் காலால் பிறந்தவள். மற்றப் பிள்ளைகள் தலையை நீட்டிக்கொண்டு உலகத்துக்கு வரும்போது நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். "பொறக்கும்போதே ஒதச்சிக்கிட்டு வந்தவ" என்று அம்மா கோபம் வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயங்களில் எல்லோரும் நம்பிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் நாலைந்து பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாரம் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கிறவர்களுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். அம்மா சூடாக்கிய நல்லெண்ணெயைத் தடவி விடுவார். நான் இடது குதிகாலை வைத்து மூன்று தரம் மிதிப்பேன். கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. அநேகம் பேர் எழுந்து, "அப்பாடா" என்று நடந்து போனார்கள். அந்த வலியில் பாதிக்கு மேல் நான் மிதிக்காவிட்டாலும் தானாகப் போயிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தலைக்கனம். பெரிய கங்காணியே காலடியில் குப்புறக் கிடக்கிறார் என்றால் பதினெட்டு வயதுக்காரிக்குத் தலைக்கனம் வராதா?

படுத்தவர்களிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எப்போது தொடங்கியது, எங்காவது விழுந்தாயா, கால் மரத்திருக்கிறதா, எதுவும் இல்லை. மூன்று மிதி, அவ்வளவுதான். நாங்கள் கனடாவுக்கு வந்து பதினைந்து வருடம் நிறைந்த வாரத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, ஒரு பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

என் கணவர் உக்குவளைக்காரர். அங்கே ரயில் பாதைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். இங்கே வந்த பிறகு ஊசியைத் தொடவே இல்லை. ஒரு சாமான் கிடங்கில் பெட்டி இறக்குகிறார். மாசி மாதக் குளிரில் ஒரு நாள் பெட்டியோடு திரும்பியபோது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. வேலையிடத்தில் சொல்லவில்லை. சொன்னால் மேற்பார்வையாளர் ஒரு படிவம் நிரப்புவார், அது இன்னொரு படிவத்தைக் கேட்கும், பிறகு இலகு வேலை என்பார்கள், பிறகு வேலைக்கே கூப்பிட மாட்டார்கள் என்று கூட்டாளிகள் பயம் காட்டியிருக்கிறார்கள். நிஜமா பொய்யா என்று இவர் விசாரிக்கவில்லை. பயப்படுவதற்கு நமக்கு விசாரணை தேவையா?

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, "நீ ஒருக்கா மிதிச்சி விடேன்" என்றார்.

"மாட்டேன்."

"ஊருக்கெல்லாம் மிதிச்சிருக்கே, புருசனுக்கு மிதிக்க மாட்டியா?"

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சிங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டேன். ஏன் விட்டேன் என்று கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில் அவரிடம் சொன்னதில்லை.

குடும்ப வைத்தியரைக் கூப்பிட்டால் பதினொரு நாள் கழித்துத்தான் நேரம் என்றார்கள். எங்கள் மகள் ரேணுகாவுக்குப் பதினாறு வயது. எங்களிடம் எதையும் கேட்க மாட்டாள், கணினியிடம் கேட்பாள். அரை மணி நேரத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு கைரோபிராக்டர் இருக்கிறார், மறுநாள் காலையிலேயே நேரம் கிடைத்தது என்றாள்.

கைரோபிராக்டர் என்றால் ஊரில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் இல்லை, அறுக்கிறவரும் இல்லை. பல வருடம் படித்து, அனுமதிப் பத்திரம் வாங்கி, கையால் முதுகெலும்பு மூட்டுகளை அழுத்தியும் தள்ளியும் வைத்தியம் செய்கிறவர். தள்ளும்போது சில நேரம் 'டொக்' என்று கேட்கும். எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி போடும் சத்தமாம் அது. சாதாரண இடுப்பு வலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் சிலருக்கு இது நல்ல பலன் தருகிறது. மகள் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காலால் செய்ததை இவர்கள் பட்டம் வாங்கிக் கையால் செய்கிறார்கள் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று மறுநாள் தெரிந்தது.

அன்று காலை இவர் வெகுநேரம் கழிப்பறையில் இருந்தார். வந்தார், மறுபடி போனார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்பது கேட்டது. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கல, அதான் போகல."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். வலது கால் செருப்பு நடுவழியில் கழன்று கிடந்தது. அவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, காலுறையை எடு என்றார். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்தேன். எனக்கு எங்கேயோ பார்த்தது போல இருந்தது. மனம் அதற்கு மேல் போக மறுத்தது.

3

கைரோபிராக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், குட்டை முடி, கையில் ஒரு படிவம். இவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ரேணுகா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

எப்போது தொடங்கியது? விழுந்தீர்களா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? எலும்பு தேய்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? புற்றுநோய் வந்ததுண்டா?

"இல்ல. இல்ல. இல்ல." மகள் முடிப்பதற்கு முன்பே இவர் பதில் சொன்னார்.

இந்த 'இல்ல' எங்கே படித்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாத்தளைப் பாதையில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தி, எங்கே போகிறாய், யாரைத் தெரியும், யார் வந்து தங்கினார்கள் என்று கேட்ட வருடங்களில் 'இல்லை', 'தெரியாது' என்ற இரண்டு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்பினோம். 'ஆமாம்' என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும். படிவத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் வாய் தானாக 'இல்ல' என்கிறது. இங்கே படிவத்தோடு நிற்கிறவர் எங்களுக்கு உதவி செய்ய நிற்கிறார் என்பது பதினைந்து வருடம் கழித்தும் உடம்புக்கு ஏறவில்லை.

அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்டார். ரேணுகாவின் முகம் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் தடுமாறினாள்.

"அப்பா... பாத்ரூம் போறதெல்லாம் ஓகேயா? ஒண்ணுக்குப் போறது? அப்பறம், கீழ... உக்கார்ற எடம் மரத்துப் போயிருக்கான்னு கேக்குறாங்க."

பெற்ற மகள் வாயால் இந்தக் கேள்வி. எதிரில் முன்பின் தெரியாத பெண். இவர் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"நோ" என்றாள் ரேணுகா. அந்தப் பெண் படிவத்தில் குறித்துக்கொண்டார். கால்களையும் சோதிக்க வேண்டும், அதற்கு முன் முதுகைத் தொட்டுப் பார்க்கிறேன், குப்புறப் படுங்கள் என்றார். இவர் முனகிக்கொண்டே படுத்தார். கட்டிலில் விரித்திருந்த தாள் சரசரத்தது. அந்தப் பெண் உள்ளங்கையின் அடிப்பாகத்தை இவருடைய இடுப்புக்கு மேலே வைத்தார். என் குதிகால் படுகிற அதே இடம்.

4

என் அண்ணன் ராசுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிற வேலை. எண்பதுகளின் நடுவில், கலவரமும் ஊரடங்குமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்த நாட்கள். ஒரு நாள் மாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு காம்பராவுக்குள் வந்தான். "மூட்டையத் தூக்குனேன், புடிச்சிக்கிச்சி" என்றான். மறுநாள் காலையில் முகம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டு வந்தபோது அம்மா அவன் காலைப் பார்த்துக் கத்தினார்.

"ஒத்தச் செருப்போட வாறியே, மத்தது எங்கடா?"

அண்ணன் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "கல்யாணக் கனவுல நடக்குறாரு" என்று கேலி பண்ணினேன். அவனுக்கு உக்குவளையில் பெண் பேசி வைத்திருந்த நேரம்.

சாக்கை விரித்தோம். அம்மா எண்ணெய் தடவினார். முதல் மிதிக்கு அவன் பல்லைக் கடித்தான். இரண்டாவது மிதிக்கு ஒரு சத்தம் போட்டான். அது வரை என் காலடியில் யாரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. மூன்று என்றால் மூன்று, பாதியில் விட்டால் பலிக்காது என்று நான் மூன்றாவதையும் மிதித்தேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையை ஊன்றினான், இடுப்புக்குக் கீழே எதுவும் கூட வரவில்லை.

ஊரடங்கு. மூன்றாம் நாள்தான் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடிந்தது. டாக்டர் நல்ல மனிதர். எங்காவது விழுந்தானா, யாராவது முதுகில் ஏதாவது செய்தார்களா என்று சிங்களத்தில் ஒரு தரமும் உடைந்த தமிழில் ஒரு தரமும் கேட்டார். "ஒண்ணும் இல்லிங்க ஐயா" என்று அம்மா கும்பிட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். என் கால்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். எலும்பு முறிந்திருக்கிறது, மூட்டை தூக்கி இப்படி முறியாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் நாலு மாதம் படுத்துக் கிடந்தான். எழுந்தபோது வலது கால் இழுத்தது. கல்யாணம் நின்றது. ஒரு வருடம் கழித்து அவனுடைய கூட்டாளி எனக்கு மட்டும் சொன்னான். அன்று உக்குவளைப் பாதையில் லொறியை யாரோ மறித்திருக்கிறார்கள். அண்ணன் பயந்து பின்னாலிருந்து குதித்து ஓடி, மேட்டிலிருந்து வடிகால் கானுக்குள், கல்லின் மேல் முதுகு அடிபட விழுந்திருக்கிறான். ஓடினவன் என்று தெரிந்தால் தேடிக்கொண்டு வருவார்கள் என்று வீட்டிலும் மறைத்துவிட்டான்.

முறித்தது கல்லா, என் காலா? இந்த ஒரு கேள்வியை நான் அண்ணனிடம் கேட்டதில்லை. கொழும்பு வழியாக விமானம் ஏறினபோதும் கேட்கவில்லை. மாதா மாதம் தொலைபேசியில் மழை, விலைவாசி, அம்மாவின் கண் எல்லாம் பேசுவோம். இதைப் பேச மாட்டோம்.

5

அந்தப் பெண்ணின் கை இவருடைய முதுகில் இருந்தது. காலையில் வழியில் கிடந்த செருப்பு எனக்குத் தெரிந்தது. பீலியிலிருந்து வந்த அண்ணனின் வெறும் காலும் தெரிந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று இருபத்திநாலு வருடம் கழித்து அந்த நாற்காலியில் வைத்துப் புரிந்தது.

"ஸ்டாப்!" என்று கத்தினேன்.

எனக்கு ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். அன்று இருந்த சொற்களையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். இவர் பொய் சொல்கிறார், காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். இலக்கணம் எந்தப் பக்கம் போனதோ தெரியாது.

"வாய மூடு புள்ள!" என்று இவர் படுத்தபடியே சீறினார். "புள்ளைக்கு முன்னால என்னா பேச்சிப் பேசுற?"

அந்தப் பெண் இரண்டு கையையும் முதுகிலிருந்து எடுத்துவிட்டார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்தார். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். இடது விரல் தூக்கியது, வலது விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், பாதத்தில் தட்டினார். தொடையின் உள்பக்கம் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். இவர் அன்று முதல் தடவையாக, "தெரியல" என்றார்.

"இன்றைக்கு நான் உங்கள் முதுகைத் தொட மாட்டேன்" என்றார் அந்தப் பெண். இது தள்ளிச் சரி பண்ணுகிற வலி இல்லை, முதுகின் அடியில் நரம்புகள் நசுங்கியிருக்கலாம், வீட்டுக்குப் போகாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்லி, ஒரு கடிதம் எழுதி என் கையில் தந்தார். தானே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியும் எடுத்தார். பட்டத்தில் பாதி எதற்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது. எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான்.

வாடகைக் காரில் இவர் எங்களைப் பார்க்கவில்லை. "மானத்த வாங்கிட்டே" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். முன் இருக்கையில் இருந்த ரேணுகா திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏன்ப்பா என்னைய நோ சொல்ல வெச்சீங்க? நான்தானே சொன்னேன். என் வாயால சொன்னேன். அவங்க அழுத்தி உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

இவள் தமிழை மறந்துவிட்டாள், எங்களை விட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று உங்களுக்கு எத்தனை கடிதத்தில் புலம்பியிருக்கிறேன். அந்தக் காரில் அவள் எனக்கு மிகவும் பக்கத்தில் இருந்தாள். நான் காலை மறைத்துக்கொண்டு நின்றதைப் போல அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னும் ஒரு நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் என் பாரம் அப்படியே என் மகள் தலையில் இறங்கியிருக்கும்.

6

படம் பிடித்தார்கள். முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்கியிருந்தது. அன்றைக்கே அறுவைச் சிகிச்சை. தாமதித்திருந்தால் காலும் போயிருக்கலாம், வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருந்திருக்கலாம் என்றார்கள். இப்போது எழுந்து நடக்கிறார். வலது கால் கொஞ்சம் சோம்பேறியாக இருக்கிறது. என்னோடு பேச ஆறு நாள் எடுத்தது. ஏழாம் நாள், "தேத்தண்ணி போடு" என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஊரில் முதுகு வலியோடு இருக்கிறவர்களுக்கு நான் படித்த பாடத்தைச் சொல்லி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பட்டவள். வேலை செய்து வருகிற சாதாரணப் பிடிப்பு நடந்து திரிந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். தணியாவிட்டால் படித்தவர் கையில் காட்டலாம், அவர் கைரோபிராக்டராகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்காமல் கை வைக்கிறவரிடம் படுக்காதீர்கள், அவர் பட்டத்தோடு வந்தாலும் சரி, காலால் பிறந்து வந்தாலும் சரி. விழுந்து அடிபட்டிருந்தால், காய்ச்சல் இருந்தால், புற்றுநோய் வந்திருந்தால், எலும்பு தேய்ந்த வயதானவர் என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, தன்னையறியாமல் போனாலோ ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம். கழுத்து வலியோடு தலைசுற்றலும் பேச்சுக் குழறலும் வந்தால் கழுத்தைத் திருப்ப யாரையும் விடாதீர்கள். வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் கேட்கிற இடத்தில் 'இல்ல' என்று சொல்லிப் பழகின வாயைக் கொஞ்சம் அடக்குங்கள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். இவருக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். செருப்பு வரைக்கும் வந்து நிறுத்தினேன்.

"அண்ணே?"

"இருக்கேன், சொல்லு."

"அன்னைக்கி நான் மிதிக்கிறதுக்கு முன்னாலயே ஒங்களுக்குக் கால் மரத்திருந்திச்சா?"



"இருந்திச்சி. காலையில எந்திரிச்சதுல இருந்தே இருந்திச்சி. சொன்னா, எங்க விழுந்தேன்னு கேப்பீங்க. நீ மிதிச்சதால கூடிச்சான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது. ஆனா மிதிக்கிறதுக்கு முன்னாலயே இருந்திச்சி."

எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபத்திநாலு வருடம் என் இடது காலைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்காது. வெறும் காலோடு யார் முன்னாலும் உட்கார மாட்டேன்.

"இத்தன வருசமா ஏன்ணே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"நீ கேக்கவே இல்லியே, தங்கச்சி."